பாதி மாத்திரை

2003ஆம் ஆண்டு பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. காலை 4.45க்கு எழுந்தேன். தண்ணீர் வரும் நாள் என்பதால் முதலில் நான்கு குடங்களையும் ஓர் அண்டாவையும் நிரப்பினேன். 5.30க்குக் காபி. 6.15க்குக் குளியல். 7.40க்கு மூன்று இட்லி. 7.55க்குப் பாதி மாத்திரை. டைரியில் அன்றைய பக்கத்தின் மேல் ஓரத்தில் ½ என்று எழுதினேன். 8.20க்கு வீட்டைப் பூட்டினேன். பழங்காநத்தத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாகக் குடியிருந்தேன். வயது நாற்பத்தேழு. ஒரு மகளிர் கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளர் வேலை. அன்று பல்கலைக்கழகத் தேர்வுக்கான விண்ணப்பங்களைத் துறைவாரியாக அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

11.20க்கு அலுவலகத் தொலைபேசியில் என் தங்கை மகள் அழைத்தாள்.

"பெரியம்மா, அம்மாவுக்கு மூச்சு வாங்குது. ரெண்டு வார்த்தை சேந்தாப்புல பேச முடியல. அப்பா ஆட்டோ கூப்பிடப் போயிருக்காக. நீங்க வாங்க."

"கால் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"காலா? மூச்சுங்கறேன், நீங்க காலக் கேக்குறீங்க!"

எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டேன். அவள் அம்மாவுக்கு மூச்சு வாங்கியதும் நான் ஏன் காலைக் கேட்டேன் என்பதைச் சொல்ல, பின்னால் இரண்டு இடங்களுக்குப் போக வேண்டும்.

முதலாவது 1979. எங்கள் அம்மாவுக்கு இடது மார்பில் கட்டி வந்தது. எத்தனை மாதம் முந்தானைக்குள் மறைத்தாள் என்று எங்களுக்குத் தெரியாது. புண்ணாகி வாடை வந்த பிறகுதான் அப்பாவுக்கே தெரிந்தது. எனக்கு அப்போது இருபத்துமூன்று. பெண் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். அப்பா எங்கள் இருவரையும் அடுப்படிக்குக் கூப்பிட்டு, "யாரு கேட்டாலும் மஞ்சக் காமாலைன்னு சொல்லுங்க" என்றார். நாங்கள் அப்படியே சொன்னோம். கேட்டவர்கள் கீழாநெல்லியைப் பறித்து, அரைத்து, மோரில் கலக்கி டம்ளரோடு கொண்டுவந்தார்கள். அம்மா அதைக் கொடுத்தவர்கள் கண் முன்னாலேயே குடிக்க வேண்டியிருந்தது. 1980 மார்ச்சில் இறந்தாள்.

அதற்குள் யாரோ உண்மையைச் சொல்லிவிட்டார்கள். என்னைப் பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்லிப் போன இரண்டு வீட்டார் திரும்ப வரவில்லை. மறு வருடம் வில்லாபுரத்திலிருந்து, எங்கள் பக்கத்தில் யாரையும் தெரியாத ஒரு குடும்பம் வந்தது. இரண்டு முறை தட்டிப்போன என்னை விட்டுவிட்டு அப்பா தங்கையைக் கொடுத்தார். மாமியார் எப்படி இறந்தார் என்று மாப்பிள்ளை கேட்டபோது, காமாலை என்று பதில் சொன்னவள் நான். அந்தப் பதில் இருபத்திரண்டு வருடம் நின்றது.

இரண்டாவது 2001. அதற்கு முன்பே, 1994இல், அம்மாவின் கூடப்பிறந்த சித்தியும் அதே வியாதியில் போயிருந்தாள். 2001 ஜூனில் குளிக்கும்போது என் வலது மார்பில் சுண்டைக்காய் அளவில் ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. அம்மா மாதிரி மறைக்கக்கூடாது என்று மறுநாளே போனேன். எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒன்பது நாள் கழித்துப் பெண் டாக்டர் முடிவை வாசித்தார். புற்றுநோய் இல்லை. ஆனால் செல்கள் ஒழுங்காக இல்லை, பின்னால் மாறக்கூடும். அம்மா, சித்தி இருவருக்கும் வந்திருப்பதால் மற்றவர்களைவிட எனக்கு வாய்ப்பு அதிகம். அதைக் குறைக்க ஒரு மாத்திரை உண்டு, ஐந்து வருடம் எடுக்க வேண்டும் என்றார். டமாக்சிஃபென், இருபது மில்லிகிராம்.

"வந்தவங்களுக்குக் கொடுக்கிற மாத்திரைதானே டாக்டர் அது?"

"அதே மாத்திரைதான். வராம இருக்கவும் இப்ப கொடுக்கிறோம். வரவே வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். குறையும். தங்கச்சி இருக்கிறதாச் சொன்னீங்களே, அவங்களையும் கூட்டிட்டு வாங்க. பார்க்காம எதுவும் சொல்லக்கூடாது."

அவர் சொன்ன எச்சரிக்கைகளை அன்றே டைரியின் பின்பக்கத்தில் எண் போட்டு எழுதினேன். ஒன்று, தினமும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். இரண்டு, திடீரென்று உடம்பு கொதிக்கும், வியர்க்கும், பயப்பட வேண்டாம். மூன்று, மாதவிலக்கு முன்பின்னாகும், உதிரம் அதிகம் போனால் வந்து காட்ட வேண்டும். நான்கு, எடுக்கும் காலத்தில் கர்ப்பம் கூடாது. ஐந்து, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வர வேண்டும், ரத்தம் கட்டியிருக்கலாம், அரிது. 'அரிது' என்பதை அவர் சொன்ன மாதிரியே எழுதியிருக்கிறேன்.

ஜூலை 2, திங்கட்கிழமை ஆரம்பித்தேன். மாத்திரையை எங்கள் தெருக் கடையில் வாங்கவில்லை. அங்கே வேலை பார்ப்பவருக்கு எந்த மாத்திரை எதற்கு என்று தெரியும், தெருவுக்கும் தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை ஆரப்பாளையம் போய், பஸ் நிலையத்துக்கு எதிரில், வந்துபோகிறவர்களே வாங்கும் ஒரு கடையில் வாங்கினேன். அட்டையைப் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்தேன். முதல் வருடம் முழுவதும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. இரவில் போர்வை நனையும். அலுவலகத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே கழுத்திலிருந்து தீ ஏறும். அதையெல்லாம் நேரத்தோடு குறித்து வைத்தேன்.

தங்கை ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தாள். ஒன்றரை வருடம் சொன்னேன். அவள் மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

"அந்த வாசல்ல என்னைய எவளாவது பாத்தா எம்மகள யாரு கட்டுவா? உன்னைய மாதிரி அவளும் பைலுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு உக்காரவா?" என்றாள் ஒருநாள். சொல்லிவிட்டு எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். சர்க்கரையை வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடப் போட்டிருந்தாள். எங்களுக்குள் மன்னிப்பு அப்படித்தான்.

2002 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. அவள் என் வீட்டுக்கு வந்திருந்தாள். கண்ணாடிக் கூட்டைத் திறந்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏக்கா, வந்தவளுக்கு முழு மாத்திரைன்னா வராதவளுக்கு எதுக்கு முழுசு? பாதி போதாதா?"

"டாக்டர் முழுசுன்னுதான் சொல்லியிருக்காங்கடி."

"அது உனக்கு. எனக்கு எந்த டாக்டரும் சொல்லலையே."

"அதான் வா, காட்டிட்டு வருவோம்ங்கறேன்."

"அதுக்கு நான் வரல. இதுல பாதி நீ தின்னு, பாதி எனக்குத் தா. அப்பன்னா நானும் திங்கிறேன். அம்மா, இல்லாத காமாலைக்குக் கீழாநெல்லி குடிச்சா. நாம வராத வியாதிக்கு மாத்திரை திம்போம். வெளங்குன குடும்பம்தான்!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்பா வாங்கிவரும் ஒரே தேன்குழலையும், ஒரே ரிப்பன் சுருளையும், ஒரே போர்வையையும் இரண்டாக்கித்தான் நாங்கள் வளர்ந்தோம். நான் பாதியும் அவள் பாதியும் எடுத்தால் இருவருக்கும் ஒரே காவல் என்று எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது. விண்ணப்பத்தில் ஓர் எழுத்து பிழையாக இருந்தால் மாணவியைத் திருப்பி அனுப்புகிறவள் நான். ஒருவருக்கு எழுதிக்கொடுத்த மருந்தைப் பிளேடால் அறுத்து இருவருக்காக்கினேன்.

எச்சரிக்கைகளை அவளுக்கு வாசித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்காவதுக்கு, "இனிமே ஒண்ணு பெத்துட்டாலும்!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஐந்தாவதை நான் வாசிக்கவில்லை. அவள் பயந்தவள். வாசித்திருந்தால் மாத்திரையைக் கீழே வைத்திருப்பாள். மறுபடி ஒன்றரை வருடம் சொல்ல வேண்டியிருக்கும். வாசித்த நான்குக்கும் நேராக 'சொன்னேன்' என்று எழுதினேன். ஐந்துக்கு நேராக எதுவும் எழுதவில்லை. பொய்யை என்னால் டைரியில் எழுத முடியாது. டாக்டரிடம் சொல்ல முடிந்தது. அடுத்த பரிசோதனையில், "ஒழுங்கா எடுக்கிறீங்களா?" என்று அவர் கேட்டபோது, "ஒரு நாளும் விடல டாக்டர்" என்றேன்.

சனிக்கிழமை மாலைகளில் ஏழு மாத்திரைகளை அறுப்பேன். உதிரும் பொடியையும் விடாமல் சேர்த்து, அவள் பங்கு ஏழையும் ஏழு துண்டுக் காகிதங்களில் வைத்து, கோயிலில் திருநீறு மடித்துத் தருவார்களே, அதேபோல மடிப்பேன். மேலே குங்குமத்தால் ஒரு பொட்டு. ஞாயிற்றுக்கிழமை வில்லாபுரம் போய்க் கொடுப்பேன். அவள் அதைச் சாமி மாடத்தில் ஒரு சிறிய டப்பியில் வைத்துக்கொண்டு, தினமும் குளித்துவிட்டுக் கும்பிடும்போது ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொள்வாள். கோயில் பொட்டலத்தை யாரும் என்ன என்று கேட்கப்போவதில்லை. அவள் மாமியார் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக அவருக்கு உண்மையான திருநீறு தனியாகக் கொண்டுபோவேன்.

தை பிறந்ததும் மகளுக்கு நல்ல இடம் அமைந்தது. மாமியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"உங்க அக்கா ஊருல உள்ள அம்புட்டு சாமிகிட்டயும் துன்னூறு வாங்கிட்டு வந்தாள்ல, அதுதான் வேல செஞ்சிருக்கு" என்றார் என் தங்கையிடம். தங்கை என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

பிப்ரவரி 12, புதன்கிழமை நிச்சயம் வைத்தார்கள். தை முடிவதற்குள் செய்துவிட வேண்டும் என்பது மாப்பிள்ளை வீட்டார் விருப்பம். அதற்கு முந்தின வாரம் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குத் தங்கை சென்னை போய், உட்கார்ந்தபடியே பஸ்ஸில் திரும்பி வந்திருந்தாள்.

9ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பொட்டலங்களோடு போனேன். தங்கை நடக்கும்போது இடது காலை இழுத்தாள். "காலைக் காட்டு" என்றேன். கெண்டைக்கால் பளபளவென்று இருந்தது. தையல் மெஷின் மேலிருந்த இஞ்ச் டேப்பை எடுத்து அளந்தேன். இடது பதினான்கரை அங்குலம். வலது பதின்மூன்று.

"ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிற மாதிரி எடுக்கிறாளே இவ" என்றாள் தங்கை.

"மெட்ராசுலருந்து காலத் தொங்கப்போட்டு வந்தா வீங்காம என்ன செய்யும்? நல்லெண்ணெயக் காய்ச்சித் தடவுனா வடிஞ்சிரும்" என்றார் மாமியார்.

எனக்கு ஐந்தாவது குறிப்பு நினைவில் இருந்தது. அது வார்த்தை மாறாமல் நினைவில் இருந்தது. அதில் 'அன்றே' என்று இருந்தது. ஆனால் புதன்கிழமை நிச்சயம். இன்று ஆஸ்பத்திரிக்குப் போனால் ஏன் என்று கேட்பார்கள். என்ன மாத்திரை என்பார்கள். அம்மாவுக்கு என்ன என்பார்கள். மூன்று நாள்தானே என்று நினைத்தேன். பஸ் பயணத்தில் வந்த வீக்கமாகவும் இருக்கலாம். டைரியில் இரண்டு அளவுகளையும் எழுதி, அடியில், 'வியாழன், டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்' என்று குறித்தேன். கொண்டுபோன ஏழு பொட்டலங்களையும் அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதனால்தான் தொலைபேசியில் காலைக் கேட்டேன்.

11.55க்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். புறவழிச் சாலையில் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரி. கட்டிலில் தங்கையைச் சாய்த்து உட்காரவைத்து ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். உதடு நீலம் பூத்திருந்தது. கட்டிலைச் சுற்றி அவள் கணவர், மகள், கூடவே மாப்பிள்ளை வீட்டு அத்தை. மணப்பெண்ணுக்குத் தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்க அன்று காலை வந்தவர், பதறிப்போய் அவரும் ஆட்டோவில் ஏறியிருக்கிறார். ஜாக்கெட் பை இன்னும் அவர் கையில் இருந்தது.

இளம் டாக்டர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆஸ்துமா உண்டா? சர்க்கரை? பிரஷர்? ஏதாவது மாத்திரை எடுக்கிறாங்களா?"

"ஒண்ணும் கிடையாது சார்" என்றார் தங்கையின் கணவர். வில்லாபுரத்திலேயே எரிந்த மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றும் கடை வைத்திருந்தவர், கையில் வார்னிஷ் கறையோடு வந்திருந்தார். "தலவலின்னாக்கூட தைலம்தான் தேய்ப்பா. மாத்திரையே தொடமாட்டா."

"நிச்சயமா?"

"இருபத்திரெண்டு வருசமாக் குடும்பம் நடத்துறேன் சார்."

தங்கை முகமூடிக்கு மேலே என்னைப் பார்த்தாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருமுறை அசைத்தாள். மாப்பிள்ளை வீட்டு அத்தை அவள் கையைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் பேசவில்லை. சுவர்க் கடிகாரம் எதிரில் இருந்தது. 12.02. இழுப்பாக இருக்கலாம் என்று புகை மாதிரி ஒரு மருந்தை வைத்தார்கள். 12.10. இதயப் படம் எடுத்தார்கள். மகள் அம்மாவின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். 12.15. தங்கை இருமினாள். வாயைத் துடைத்த துணியில் ரோஜா நிறத்தில் ஏதோ இருந்தது. இப்போது எழுதும்போது எளிதாக இருக்கிறது, அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம் என்று. 12.20க்குத்தான் நான் டாக்டர் பின்னால் அவர் அறைக்குப் போனேன். நான் வந்து இருபத்தைந்து நிமிடம். அதற்கு முன்னால் இரண்டு நாள்.

கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியிலிருந்து, மொத்தம் தொண்ணூற்று நான்கு பாதிகள், ஞாயிற்றுக்கிழமை கால் அளவு இரண்டும், அம்மா, சித்தி. சொல்வதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார். "யார் எழுதிக் கொடுத்தது அவங்களுக்கு?"

"யாரும் கொடுக்கல. எனக்குக் கொடுத்தது."

"ஞாயிற்றுக்கிழமை அளந்து வேற பார்த்திருக்கீங்க."

"ஆமா."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினார். நான் கேட்டுக்கொள்ள நினைத்த ஒன்றை, அதாவது வெளியே சொல்ல வேண்டாம் என்பதைக் கேட்க முடியவில்லை. நான் கட்டிலருகே வந்தபோது அவர் தங்கையின் சேலையை முழங்கால்வரை விலக்கிக் காலை அழுத்திப் பார்த்துக்கொண்டே சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "இவங்க அம்மா மார்புப் புற்றுநோயில இறந்தாங்கன்னு ஏன் சொல்லல? மூணு மாசமா மாத்திரை எடுத்திருக்காங்க. காலில் கட்டின ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கும். முதல்ல சொல்லியிருந்தா நேரம் வீணாகியிருக்காதே!"

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். கட்டிலை உருட்டிக்கொண்டு ஸ்கேனுக்குப் போனார்கள். அங்கிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு.

அவள் பிழைத்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது நாள் கழித்து வீட்டுக்குப் போனாள். ஆறு மாதம் ரத்தம் உறையாமல் இருக்க வேறு மாத்திரை சாப்பிட்டாள். அதை டாக்டர்கள் எழுதிக்கொடுத்தார்கள், அவள் கணவர் வாங்கிக்கொடுத்தார். என் பங்கு எதுவும் அதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வில்லாபுரம் போவது நின்றுபோனது. வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

அன்றைய மதியத்துக்குத் திரும்புகிறேன். மாப்பிள்ளை வீட்டு அத்தை கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார்.

"ஒடம்பப் பாருங்கண்ணே. சாங்கியம் எங்க போகுது. நான் வாரேன்" என்றார் தங்கையின் கணவரிடம். மகளின் கன்னத்தைத் தொட்டார். என்னைப் பார்க்கவில்லை. ஜாக்கெட் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பதற்றத்தில் மறந்து எடுத்துப்போனாரா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாலை 6.10க்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி வந்தது. தை போனால் மாசி இருக்கிறது, பங்குனி இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்வோம் என்றார்கள். எந்த மாசத்திலும் அவர்கள் மறுபடி பேசவில்லை.

தொலைபேசியை வைத்துவிட்டு வந்து தங்கையின் கணவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"காமாலைன்னு சொன்னீங்களே மதினி."

"ஆமா தம்பி."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா அன்னைக்குக் கட்டியிருப்பீங்களா?"

அவர் கையிலிருந்த வார்னிஷ் கறையை நகத்தால் சுரண்டினார். "தெரியல. பொய் சொல்லக்கூடாது, எனக்குத் தெரியல. ஆனா மாத்திரையப் பத்தி நீங்க எங்கிட்டச் சொல்லியிருந்தா, நானே அவள எங்கயாச்சும் வெளியூருல காட்டிட்டு வந்திருப்பேன் மதினி. ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாம."

அது எனக்குத் தோன்றவே இல்லை. மறைக்க வேண்டியவர்கள் பட்டியலில் அவர் பெயர்தான் முதலில் இருந்தது. மறைக்க உதவக்கூடியவர்கள் என்று ஒரு பட்டியல் நான் போட்டதில்லை.

அவர் அவருடைய அம்மாவுக்குச் சொல்ல வீட்டுக்குப் போனார். நானும் தங்கை மகளும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நடையில் இருந்தோம். கல்லூரிக் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் நிச்சயத்துக்காக முதல்நாளே போட்டிருந்த மருதாணி இரண்டு கையிலும் சிவந்திருந்தது. என் டைரியைக் கேட்டாள். டாக்டருக்குத் தேதி காட்டுவதற்காக எடுத்து வெளியே வைத்திருந்தேன். யாருக்கும் கொடுத்ததில்லை. அன்று கொடுத்தேன். பின்பக்கத்தை நிதானமாக வாசித்தாள்.

"அஞ்சுக்கு நேரா மட்டும் ஒண்ணும் எழுதலையே பெரியம்மா?"

"அத நான் உங்கம்மாகிட்ட சொல்லல."

"ஏன்?"

"சொன்னா திங்கமாட்டான்னு."

அவள் டைரியை மூடி என் மடியில் வைத்தாள்.

"அப்ப எனக்கும் வருமா? நானும் அந்த மாத்திரை போடணுமா?"

"தெரியலம்மா. டாக்டரக் கேக்கணும்."

"நானே கேட்டுக்கிறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தன் காரியத்தைத் தான் பார்த்துக்கொள்ளும் ஒரு பெரிய மனுஷியின் குரலில் சொன்னாள். அதன் பிறகு தன் அம்மா இருந்த கதவின் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். சிறிது நேரத்தில் அவள் அப்பா திரும்ப வந்து அவளை வீட்டுக்கு அழைத்துப்போனார். துணைக்கு ஒருவர்தான் இருக்கலாம் என்றார்கள். நான் இருந்தேன்.

12ஆம் தேதி, புதன்கிழமை. 4.45க்கு விழித்தேன். 5.40க்கு நர்ஸ் கதவைத் திறந்து, "யாரு அட்டெண்டர்? ஒரு நிமிசம் பாத்துட்டு வந்துருங்க" என்றாள். முகம் கழுவவில்லை. என் பங்குப் பாதி கைப்பையில் கண்ணாடிக் கூட்டில் இருந்தது; அதை எடுக்கவில்லை. டைரியை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

தங்கைக்கு நினைவு தெளிந்திருந்தது. மூச்சு முன்னைவிட மெதுவாக இருந்தது. என்னைப் பார்த்ததும் முகமூடியை விரலால் கொஞ்சம் தூக்கினாள்.

"அவுக இன்னைக்கு வாராகளா?"

"இல்ல" என்றேன்.

அவள் முகமூடியை விட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கழுத்தில் நரம்பு துடிப்பது தெரிந்தது. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். நான் பின்பக்கத்தைத் திறந்து ஐந்தாவதை முழுவதுமாக வாசித்தேன். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ என்பதிலிருந்து அரிது என்பதுவரை. அவள் திரும்பவில்லை. ஆனால் கேட்டாள் என்று தெரியும். 'அன்றே' என்ற இடத்தில் அவள் தோள் அசைந்தது. பிறகு பேனாவைத் திறந்து, காலியாக இருந்த இடத்தில் 'சொன்னேன்' என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டேன். 5.44.